ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வெளிர் நிறங்களில் சுவருக்கு எதை எடுப்பது: முழுமையான வழிகாட்டி

பெயிண்ட் கடையின் நூறு நிற அட்டையிலிருந்து இரண்டுக்கு வந்து சேர்வது சுலபம். அந்த இரண்டில் ஒன்றை எடுக்கும்போதுதான் வீடே இரண்டு கட்சியாகிறது. ஐவரியா ஆஃப் வைட்டா, கிரீமா வெளிர் சந்தனமா என்று பொங்கல் நோம்பிக்கு நாலு நாள் இருக்கும்போது பெயிண்டரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அட்டையைப் புரட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆசாரத்துக்கும் (வீட்டின் கூடம்) முதலில் அப்படித்தான் எடுத்தோம். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளை. சன்னலிலிருந்து பத்தடியில் தென்னை வரிசை. கடையில் கிரீமாகத் தெரிந்த நிறம், சுவரில் ஏறிக் காய்ந்ததும் மறுநாள் வெடியால பார்த்தால் பாசி படர்ந்த மாதிரி நின்றது. நிறத்துக்குள் கொஞ்சம் பச்சை இருந்திருக்கிறது. தென்னை ஓலையில் பட்டு உள்ளே வந்த வெளிச்சம் அதை வெளியே இழுத்துவிட்டது. 20 லிட்டர் வாளியும் மூன்று நாள் கூலியும் போய், திரும்ப அடித்தோம்.

அதற்குப் பிறகு பங்காளி வீடு, சின்னம்மா வீடு, திருப்பூரில் தங்கை வீடு என்று ஒவ்வொன்றிலும் கூட நின்று பார்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ள வரிசை அமைந்தது. படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம். முந்தின படி முடியாமல் அடுத்ததில் கிடைக்கும் பதில் தப்பாகப் போகும்.

முன்னதாக வேண்டியவை

2 அடிக்கு 2 அடி சன்போர்டு (லேசான ஃபோம் பலகை) நான்கு. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலும் பெரிய ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். சார்ட் பேப்பர் வேண்டாம், பெயிண்டின் ஈரத்தில் சுருண்டுவிடும். 4 அங்குல ரோலர் ஒன்று, மாஸ்கிங் டேப், வெள்ளை ஏ4 தாள் சில, ஒரு நோட்டு.

இரண்டு நிறத்திலும் சாம்பிள் பெயிண்ட் வேண்டும். சில நிறங்கள் 200 மில்லி சாம்பிள் டப்பாவாகக் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டரே வாங்குங்கள், அது வீண் செலவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஐந்து நாள் வேண்டும். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று என்றால் சுவருக்குப் பட்டி (புட்டி) பார்க்கிற நாட்களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். பட்டி காய்வதற்குள் உங்கள் முடிவும் தயாராகிவிடும்.

1. தரை, கதவு, விளக்கு மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள்

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். டைல்ஸ் இன்னும் எடுக்கவில்லை, பல்பு மாட்டவில்லை, ஆனால் சுவர் நிறத்துக்குச் சண்டை நடக்கும். வெளிர் நிறம் என்பது பாதி கண்ணாடி மாதிரி. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வாங்கிக் காட்டும். பக்கத்தில் இருப்பது முடிவாகாமல் இதை முடிவு செய்ய வழியில்லை.

தரை சிவப்பு ஆக்சைடு என்றால், வெயில் தரையில் விழுந்து எழும்போது சுவரின் கீழ்ப்பாதியில் ஒரு ரோஸ் சாயல் ஏறும். இரண்டில் ஒன்று ஏற்கெனவே ரோஸ் பக்கம் சாய்ந்ததென்றால் அதை இப்போதே தள்ளிவிடலாம். தரை மஞ்சள் கலந்த ஐவரி டைல்ஸ் என்றால் சாம்பல் சாய்ந்த வெள்ளையைத் தவிருங்கள். சுவர் சுத்தமாகத் தெரியும், தரை கழுவாத தரை மாதிரித் தெரியும்.

அடுத்து பல்பு. பெட்டியின் பக்கவாட்டில் கெல்வின் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர் வீடுகளில் அதிகம் எரிவது 6500தான். அதன் கீழே பச்சை சாய்ந்த நிறமும் சாம்பல் சாய்ந்த நிறமும் சோகையாகிவிடும். மஞ்சள் வெளிச்சத்தின் கீழேயோ கிரீம் ஒரு படி கூடி வெண்ணெய் மாதிரி ஆகும். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் ராத்திரி விளக்கில் பிரிந்து நிற்பதும் உண்டு. இரண்டிலும் கலந்திருக்கும் சாயங்கள் வேறு; ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அவை வேறுவேறு விதமாகப் பதில் சொல்லும்.

ஆகவே எந்தப் பல்பு என்று முதலில் தீர்மானித்து, சோதிக்கப் போகிற அறையில் ஒன்றையாவது மாட்டிவிடுங்கள்.

2. அட்டையில் உள்நிறத்தைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளைக்கு அருகில் இருக்கும் எந்த நிறத்துக்குள்ளும் ஒரு உள்நிறம் இருக்கும்: மஞ்சள், ரோஸ், பச்சை, சாம்பல், சில சமயம் நீலம். அட்டையில் விரல் அகலத்துக்கு இருக்கும்போது அது தெரியாது. நாலு சுவரிலும் ஏறினால் அதுதான் தெரியும்.

காலை பத்து மணிக்கு வாசலுக்கு வாருங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில். மேசையில் ஏ4 தாளை விரித்து அதன்மேல் இரண்டு அட்டையையும் வையுங்கள். நிறத்தின் பெயரைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ‘சந்தனம்’ என்று எழுதியிருந்தால் கண்ணும் சந்தனமாகவே பார்க்கும். தூய வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் எது மஞ்சளாகிறது, எது அழுக்காகிறது, எது தோல் நிறமாகிறது என்று மட்டும் பாருங்கள். எது அழகு என்ற கேள்வி இப்போது வேண்டாம்.

இன்னும் பிடிபடவில்லையா? அட்டையில் அந்த நிறம் இருக்கும் பட்டையின், அதாவது வெளிரிலிருந்து அழுத்தம் வரை போகும் வரிசையின், கடைசியில் இருக்கும் அழுத்தமான நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே உள்ள வெளிர் நிறத்துக்கு அதுதான் சொந்தம். கடைசி நிறம் பாசிப்பயறு மாதிரி இருந்தால், மேலே கிரீம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பச்சை இருக்கிறது. எங்கள் ஆசாரத்து நிறத்தின் பட்டையைப் பிற்பாடு தேடி எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டம் அப்படித்தான் இருந்தது.

இரண்டின் உள்நிறமும் வேறு வேறு என்று தெரிந்தால், பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். சன்னலுக்கு வெளியே தென்னையோ வாழையோ நெருங்கி நின்றால் பச்சை சாய்ந்ததை எடுக்காதீர்கள். நகரத்தில், சன்னலுக்கு நாலடியில் பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால், அந்தச் சுவரின் நிறம் உங்கள் அறைக்குள் வரும். தங்கை வீட்டில் பக்கத்து வீட்டு ஆரஞ்சுச் சுவர் மத்தியானம் முழுக்க இவர்கள் படுக்கையறையைப் பழுப்பாக்கிக்கொண்டிருந்தது. அங்கே ரோஸ் சாயல் உள்ளதை விட்டு, கொஞ்சம் சாம்பல் சாய்ந்ததை எடுத்தோம். அறை அமைதியாகிவிட்டது.

3. எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள்

அட்டையிலோ கம்பெனியின் பட்டியலிலோ எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதன் கணக்கு.

இரண்டின் எண்ணும் ஏறக்குறைய சமம் என்றால் வேறுபாடு உள்நிறத்தில் மட்டும்தான். இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். ஐந்தாறு புள்ளி தள்ளி இருந்தால் சன்னல் குறைந்த அறைக்குக் கூடுதல் எண் உள்ளதை எடுப்பது நல்லது. எண் கிடைக்காவிட்டால் இரண்டையும் ஒரே படத்தில் போனில் எடுத்து, கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது எது மங்கலோ அது வெளிச்சத்தை அதிகம் தின்கிற நிறம். போன் படம் உதவுவது இதற்கு மட்டுமே. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆகவே படத்தை வாட்ஸப்பில் அனுப்பி ‘எது நல்லாருக்குது’ என்று கேட்பதில் பயனில்லை.

4. சுவரில் அடிக்காதீர்கள், பலகையில் அடியுங்கள்

‘ஏனுங்க, சுவத்துலயே ரெண்டு இழுப்பு இழுத்துக் காட்டிர்றேன், பாத்துக்குங்க’ என்று பெயிண்டர் சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அடித்த இடத்தின் ஓரம் திட்டாக எழும்பி நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் கடைசி கோட் அடித்த பிறகும் அந்த வரி தெரியும். பட்டியின் மேல் பிரைமர் இல்லாமல் அடித்தால் பட்டி பெயிண்டை உறிஞ்சி நிறம் திட்டுத்திட்டாகும். பழைய நிறத்தின்மேல் அடித்தாலோ அடியில் இருக்கும் நிறம் மேலே தெரியும்.

சன்போர்டை லேசாக உப்புத்தாளால் உரசி, ஒரு நிறத்துக்கு இரண்டு பலகை வீதம் ரோலரால் அடியுங்கள். பிரஷ் வேண்டாம். சுவருக்கு ரோலர் போடப் போகிறீர்கள். பிரஷ் வரியில் நிழல் விழுந்து நிறம் ஒரு படி கருத்துத் தெரியும். முதல் கோட் காய 4 முதல் 6 மணி நேரம் விட்டு இரண்டாவது கோட். மழை நாளில் இன்னும் விடுங்கள். ஒரு கோட்டில் முடிவெடுக்கக் கூடாது. வெளிர் நிறம் முதல் கோட்டில் முழுதாக மூடாது. ஈரத்தில் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். எமல்ஷன் ஈரத்தில் வெளிர்ந்து தெரியும், காய்ந்தால் கொஞ்சம் அழுத்தமாகும்.

பலகையின் பின்னால் 1, 2 என்று மட்டும் எழுதுங்கள். எந்த எண் எந்த நிறம் என்பது நோட்டில் இருக்கட்டும்.

சுவருக்கு எந்தப் பெயிண்டை அடிக்கப் போகிறீர்களோ அதே ரகத்தில்தான் சாம்பிளும் இருக்க வேண்டும். மேட் என்றால் மேட், பளபளப்பு என்றால் பளபளப்பு. ஒரே கோடு எண் (அட்டையில் நிறத்துக்குக் கொடுத்திருக்கும் குறியீடு) இரண்டு ரகத்தில் இரண்டு மாதிரி தெரியும், ஏனென்றால் பளபளப்பு சன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மேட் உள்ளே பரப்பும்.

5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்

இது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் வேறுபாட்டை மட்டும் பார்க்கும், அதையும் பெரிதாக்கிப் பார்க்கும். ஒன்று மஞ்சளாகவும் மற்றது ரோஸாகவும் எதிரெதிரே இழுத்துக்கொண்டு நிற்கும். வீட்டிலோ சுவரில் ஒன்றுதான் இருக்கப் போகிறது. தனியாக அந்த அறையில் அது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

முதல் நாள் 1ஆம் எண் பலகைகள் இரண்டை மட்டும் அறையின் மூலையில் வையுங்கள். ஒன்று இந்தச் சுவரில், ஒன்று அந்தச் சுவரில், மூலையில் இரண்டும் முட்டட்டும். மூலைக்குக் காரணம் உண்டு. ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டு, அங்கிருந்து திரும்ப இங்கே பட்டு, அறைக்குள் நிறம் கூடிக்கொண்டே போகும். மூலையில் வைத்தால் அந்தக் கூடுதலில் கொஞ்சத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். பலகை முட்டும் இடத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பாருங்கள், அங்கே நிறம் அழுத்தமாக இருப்பது தெரியும். முழு அறையும் அடித்து முடித்தால் நிறம் அந்தப் பக்கம்தான் நகரும்.

பழைய சுவர் பச்சையோ நீலமோ என்றால் பலகைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், அது ஐவரியைக்கூடப் பழுப்பாக்கிக் காட்டும். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்திலும் மேல் தளத்துக்குக் கீழேயும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். தளம் பெரும்பாலும் தூய வெள்ளையாக இருக்கும், சுவிட்சும் அப்படியே. ஆஃப் வைட் அவற்றை ஒட்டி நிற்கும்போது வேண்டுமென்றே எடுத்த நிறமாகத் தெரிகிறதா, அழுக்கேறிய வெள்ளையாகத் தெரிகிறதா என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

இரண்டாம் நாள் அந்தப் பலகைகளை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, அதே மூலையில் 2ஆம் எண்.

6. நாலு பொழுதிலும் பாருங்கள், திசையைக் கணக்கில் எடுங்கள்

வெடியால 7 மணி, உச்சி 12, பொழுதோட 5, விளக்குப் போட்ட பிறகு 8. ஒவ்வொரு வேளையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: ‘1, மஞ்சள் கூடுதல்’, ‘2, சாம்பல், பரவாயில்லை’. எழுதாமல் விட்டால் சாயங்காலம் பார்த்தது காலையில் பார்த்ததை மறக்கடித்துவிடும்.

கிழக்குச் சன்னல் அறையில் காலை வெளிச்சம் மஞ்சள். மத்தியானத்துக்குமேல் வானத்து நீலம். மேற்குச் சன்னலில் தலைகீழ்: பொழுதோட வரும் செம்மஞ்சள் வெயில் கிரீமைத் தூக்கி மாம்பழ நிறத்துக்குக் கொண்டுபோகும். மேற்கு அறைக்கு இரண்டில் மஞ்சள் குறைந்ததே நல்லது என்பது என் கருத்து.

வடக்கு, தெற்கு பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வழிகாட்டிகளில் வடக்கு அறைக்கு எப்போதும் குளிர்ந்த நீல வெளிச்சம்தான் என்று இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் ஏறக்குறைய வட அட்சரேகை 11 பாகையில் இருக்கின்றன. ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, ஆகஸ்ட் 24ஐ ஒட்டித் திரும்பி வரும்வரை வடக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உச்சியில் சன்ஷேடு தடுத்தாலும் காலையிலும் பொழுதோடவும் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். மார்கழியில் கதை மாறி, வெயில் தெற்குச் சன்னலில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து தரைவரை வரும்.

இங்கே நம் ஆட்கள் பலர் பெயிண்ட் அடிப்பது நோம்பிக்கு முன்னால், மார்கழியில். அப்போது தெற்கு அறையில் நன்றாக இருந்த கிரீம், சித்திரையில் வெயில் உள்ளே வராமல் மங்கித் தெரியும். வடக்கு அறையில் மார்கழியில் சோகையாகத் தெரிந்தது வைகாசியில் நன்றாக இருக்கும். பார்க்கிற மாதத்தை மட்டும் நம்பாமல், இந்தச் சன்னலுக்கு மற்ற ஆறு மாதம் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு மேகமூட்டமான நாளும் பாருங்கள். ஆடிச் சாரல் நாட்களில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வாரக்கணக்கில் அந்த வெளிச்சம்தான்.

வாசல் தரையும் வெளிச்சம் அனுப்பும். பல்லடம் பக்கத்துச் செம்மண் வாசல் உள்ளே சிவப்பை அனுப்பும். காங்கயத்தில் கொப்பரை காய வைக்கும் சிமெண்டுக் களத்தை ஒட்டிய வீட்டில், பதினொரு மணிக்குக் களத்திலிருந்து எழும் வெளிச்சத்தில் தூய வெள்ளைக்கு அருகில் இருந்த நிறத்தைப் பார்க்கவே கண் கூசியது. அங்கே எல்.ஆர்.வி. குறைந்ததை எடுத்தது சரியாக அமைந்தது.

7. வீட்டில் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்

இரண்டு நாள் முடிந்ததும், பலகையை ஒவ்வொன்றாக மாட்டி வீட்டாரைக் கூப்பிடுங்கள். ‘எது பிடிச்சிருக்கு’ என்று கேட்டால் சண்டைதான். ‘இந்த அறை இப்போ எப்படி இருக்குது’ என்று கேளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதைக் கவனமாக எடுங்கள். வயது கூடக் கூடக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு மங்கும். எங்கள் அப்புச்சி ‘ரெண்டும் வெள்ளதானே கண்ணு’ என்றது பிடிவாதத்தில் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் அறைக்கு நிறத்தைவிட வெளிச்சமே முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எல்.ஆர்.வி. கூடியதை அங்கே அடித்துவிட்டு, கதவு நிலையை மட்டும் அழுத்தமான நிறத்தில் விட்டோம், ராத்திரி எழுந்தால் வாசற்படி தெரியட்டும் என்று.

8. இன்னும் சமமாக நின்றால்

நோட்டை எடுத்து, எந்த எண்ணுக்கு ‘மோசம்’ என்ற குறிப்பு அதிகம் என்று எண்ணுங்கள். அதிகம் புகழ்ந்ததை எடுப்பதைவிட, எந்த வேளையிலும் கெட்டுப்போகாததை எடுப்பது நல்லது. அறையில் நீங்கள் அதிகம் இருக்கும் வேளைக்கு இரட்டை மதிப்பு கொடுங்கள். காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிற வீட்டுக்கு உச்சி வெயிலில் எப்படித் தெரிகிறது என்பது பெரிய விஷயமில்லை.

அப்போதும் சமமென்றால், வெளிச்சம் நிறைந்த அறைக்கு இரண்டில் நிறம் குறைந்ததை எடுங்கள், நாலு சுவரும் சேர்ந்து அதைக் கூட்டிக்கொள்ளும். இருட்டு அறைக்குக் கொஞ்சம் மஞ்சள் உள்ளதை எடுங்கள். வெளிச்சமில்லாத இடத்தில் தூய வெள்ளை வெள்ளையாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும்.

இரண்டையும் கலந்து ஒன்றாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு ஆணி ஓட்டையை மூட அதே நிறம் எங்கும் கிடைக்காது.

9. வாங்கும்போதும் அடிக்கும்போதும்

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறியிருக்க வேண்டும். ஈரமும் காரமும் உள்ள பூச்சின்மேல் வெளிர் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். உப்புத் தண்ணீரில் கட்டிய சுவரென்றால் உப்பும் பூக்கும். நிறத் தேர்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், கோடு எண்ணைச் சொல்லுங்கள். ஒரு கம்பெனி அட்டையைக் காட்டி இன்னொரு கம்பெனியில் ‘மேட்ச்’ பண்ணச் சொன்னால் கிட்டத்தட்ட வரும். நீங்கள் ஐந்து நாள் உட்கார்ந்து பிரித்த வேறுபாடு அந்தக் கிட்டத்தட்டவில் போய்விடும்.

வெளிர் நிறத்துக்கு மிஷின் விடுகிற சாயம் சில சொட்டுதான். அதனால் வாளிக்கு வாளி லேசாக மாறலாம். மொத்தத் தேவையையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு பெரிய டிரம்மில் எல்லா வாளியையும் ஊற்றிக் கலக்கிவிட்டு, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நீங்கள் தேர்ந்தெடுத்த பலகையின் ஓரத்தில் தடவிக் காய வையுங்கள். பலகையோடு ஒன்றிப்போனால் ரோலரைச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். ஓரம் தனியாகத் தெரிந்தால் ஆட்களை அரை நாள் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்க் கேளுங்கள்.

மீதியை ஒரு லிட்டர் டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, கோடு எண், ரகம், தேதி, எந்த அறை என்று மூடியில் எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பலகையில் ஒன்றையும் அதனோடு வைத்துவிடுங்கள். திரை, சோபா உறை எடுக்கப் போகும்போது அந்தப் பலகையைக் கையோடு கொண்டுபோகலாம்.